தோற்றவரும் ஏற்கும் வாக்கெடுப்பு: வேட்டைநாய் இனச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம்

கணக்கு, தேர்தல், சந்தா என்று பார்த்தால் வேட்டைநாய் இனச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டமும் மற்ற சங்கங்களின் கூட்டம் போலத்தான். வேறுபடுவது ஒரே இடத்தில். அங்கே கை தூக்குகிறவர்கள் எந்தக் கடுவனை எந்தப் பெட்டையோடு சேர்க்கலாம் என்பதையும் முடிவு செய்கிறார்கள். அந்த முடிவை ஏற்காத உறுப்பினர் விலகிப் போனால் அவருடைய நாய்களும் அவரோடு போய்விடும். ஏற்கெனவே சிறியதாக இருக்கும் இனத்தில் நல்ல ரத்தவழி ஒன்று குறைந்துபோகும். அதனால் கூட்டம் நடத்துகிறவருக்கு உண்மையான அளவுகோல் இதுதான்: வாக்கில் தோற்றவர் “நடந்தது முறையாகத்தான் நடந்தது” என்று சொல்லி, அடுத்த ஈற்றுக் குட்டிகளையும் அதே சங்கத்தின் விதிப்படியே எடுக்கிறாரா?

இத்தகைய முடிவுகளின் பின்விளைவு எவ்வளவு நீளும் என்பதற்கு டால்மேஷியன் இனம் நல்ல சான்று. அந்த இனத்தில் யூரிக் அமிலம் மிகுந்து சிறுநீர்ப்பையில் கல் உண்டாகும் குறை ஊறிப்போயிருந்தது. 1973இல் அமெரிக்காவில் பாயின்டர் வேட்டைநாயோடு ஒருமுறை இணைசேர்த்து, பிறகு தொடர்ந்து டால்மேஷியனோடே சேர்த்து, குறையில்லாத வழி ஒன்றை உருவாக்கினார்கள். 1981இல் அந்த வழியில் இரண்டு நாய்கள், இன நாய்களைப் பதிவு செய்யும் அமைப்பான அமெரிக்க கென்னல் கிளப்பில் பதிவாயின. இனச் சங்க உறுப்பினர்களின் எதிர்ப்பால் பதிவு நின்றது. கதவு மறுபடி திறந்தது 2011இல். இடையில் முப்பது ஆண்டுகள். மாறாக, ஆப்பிரிக்க வேட்டை இனமான பசென்ஜிக்கு 1990இலேயே பதிவேடு திறக்கப்பட்டு, ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த நாய்கள் சேர்க்கப்பட்டன. இரண்டு முடிவுகளுக்கும் பின்னால் உறுப்பினர்கள் உட்கார்ந்து பேசிய கூட்டங்கள் இருந்தன. அந்த நாற்காலிகளில் உட்காருகிறவர்களுக்கு முழுத் தகவலும் போதிய நேரமும் கிடைக்கச் செய்வதே நடத்துகிறவரின் பொறுப்பு.

வேலை பன்னிரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். வேட்டைப் பருவமும், நாயின் வேட்டைத் திறனைச் சோதிக்கும் களத்தேர்வுகளும் முடிந்த பிறகு, அடுத்த இணைசேர்ப்புத் திட்டங்கள் உறுதியாகும் முன்பு ஒரு நாளைப் பிடிப்பது நல்லது. களத்தேர்வு நடக்கும் வாரத்தில் வைத்தால் நடுவர்களும் தீவிர வேட்டைக்காரர்களும் வரமாட்டார்கள். வந்தவர்கள் மட்டும் எடுத்த முடிவு என்ற பேச்சு ஆண்டு முழுக்க ஓடும். எட்டு வாரம் இருக்கும்போது உறுப்பினர்களிடம் தீர்மானங்களையும் வேட்பாளர் பெயர்களையும் கேட்க வேண்டும். ஆறு வாரத்தில் அதை மூட வேண்டும். நான்கு வாரத்தில் அறிவிப்பு போகட்டும். அதனுடன் நிகழ்ச்சி நிரல், தணிக்கையான கணக்கு, ஒவ்வொரு தீர்மானத்தின் முழு வாசகம், வேட்பாளர் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும்.

அறிவிப்பு நாளை எண்ணுவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். விதியில் “21 முழு நாட்கள்” என்று இருந்தால், அனுப்பிய நாளும் கூட்டம் நடக்கும் நாளும் கணக்கில் வராது. 30ஆம் தேதி கூட்டம் என்றால் 8ஆம் தேதிக்குள் அனுப்பியாக வேண்டும். அனுப்பி இரண்டு நாள் கழித்தே சேர்ந்ததாகக் கொள்ளப்படும் என்று விதி சொன்னால் 6ஆம் தேதி. ஒரு நாள் பிசகினால் நிறைவேறிய எல்லாத் தீர்மானமும் செல்லாது என்று தோற்ற தரப்பு எழுதிக் கேட்க முடியும். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் எதுவும் இல்லை.

வாக்காளர் பட்டியலை ஒரு குறித்த நாளில் மூடுங்கள். அன்றைக்குச் சந்தா பாக்கி இல்லாதவர் யார், குடும்ப உறுப்பினருக்கு ஒரு வாக்கா இரண்டா, இளையோருக்கு வாக்கு உண்டா, கௌரவ உறுப்பினருக்கு உண்டா என்பதை விதியைப் பார்த்து முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். வாசலில் நின்றுகொண்டு சந்தா கட்டுகிறவருக்கு வாக்கு உண்டா என்ற தகராறு எழாத கூட்டம் குறைவு. பதிலாள் வாக்கை, அதாவது வராதவர் சார்பில் இன்னொருவர் போடும் வாக்கை, விதி அனுமதித்தால் ஒருவர் கையில் எத்தனை இருக்கலாம் என்ற உச்சவரம்பு வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வளர்ப்பாளர் தன்னிடம் குட்டி வாங்கியவர்களின் கையெழுத்தைச் சேகரித்துக்கொண்டு வந்துவிடுவார்.

பதிவு மேசையில் இரண்டு பேர் போதும். ஒருவர் பட்டியலில் குறிக்கிறார், மற்றவர் எண்ணிட்ட வண்ண அட்டையைக் கொடுக்கிறார். பதிலாள் வாக்குக்கு வேறு நிறத்தில் அட்டை. நடுவில் கிளம்புகிறவர் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற எண்ணிக்கைதான் கோரம். 300 உறுப்பினர் உள்ள சங்கத்தில் பத்தில் ஒரு பங்கு கோரம் என்றால் 30 பேர். காலையில் 45 பேர் இருந்து, மாலையில் தேர்தல் நேரத்தில் 27 ஆகிவிடுவது வழக்கமாக நடப்பது. ஆகவே இணைசேர்ப்பு விதிகளைப் பற்றிய தீர்மானங்களை மதியத்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்பது உறுதியான கருத்து. களத்தேர்வுக் கோப்பைகள் வழங்குவதைக் கடைசியில் வையுங்கள். பரிசு வாங்க வருகிறவர்கள் அதுவரை உட்கார்ந்திருப்பார்கள், கோரமும் நிற்கும்.

சங்கத் தலைவரே கூட்டத்தையும் நடத்துவது நல்ல பழக்கம் இல்லை. ஆண்டறிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கேள்வி கேட்கிறவருக்கு நேரம் ஒதுக்குகிறவரும் அவரே என்றால் நியாயம் கெடும். கூட்டத்தின் முதல் வேலையாக, நிர்வாகத்தில் இல்லாத ஒருவரைக் கூட்டத் தலைவராகத் தேர்ந்தெடுக்கலாம். அவருக்கு நாய் தெரிய வேண்டியதில்லை, விதி தெரிந்தால் போதும். கூடவே குறிப்பெழுத ஒருவர், குறிப்பைச் சரிபார்த்துக் கையெழுத்திட இருவர், வாக்கு எண்ண மூவர். வேட்பாளரோ அவர் குடும்பத்தாரோ எண்ணக் கூடாது.

இணைசேர்ப்புக் குழுவின் அறிக்கைதான் கூட்டத்தின் இதயம். ஆனாலும் அதைக் கடைசி நிமிடத்தில் வாய்மொழியாக ஒப்பித்து முடிக்கும் சங்கங்கள் நிறைய. எழுத்தில் முன்கூட்டியே போக வேண்டியவை இவை: ஆண்டில் எத்தனை ஈற்று, எத்தனை குட்டி, ஓர் ஈற்றுக்குச் சராசரி எத்தனை, பயன்பட்ட கடுவன்கள் எத்தனை, அவற்றில் அதிகம் பயன்பட்ட கடுவனின் பங்கு என்ன. எஃப்.சி.ஐ. எனப்படும் உலக நாய் வளர்ப்புக் கூட்டமைப்பின் பரிந்துரைப்படி, ஐந்து ஆண்டுகளில் பதிவாகும் குட்டிகளில் ஒரே நாயின் வாரிசுகள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஐந்து ஆண்டில் 1,200 குட்டி பதிவாகும் இனத்தில் அது 60 குட்டி. ஈற்றுக்குச் சராசரி ஏழு என்றால் எட்டு இணைசேர்ப்போடு அந்தக் கடுவனை நிறுத்த வேண்டும்; ஒன்பதாவதில் 63 ஆகிவிடும். இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டினால், களத்தேர்வில் கலக்கிய ஒரு நாயிடமே எல்லோரும் பெட்டையைக் கொண்டுபோவதன் விலை புரியும்.

எண்களைச் சொல்லும்போது அவை எப்படிக் கிடைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். உடன்பிறந்த இரு நாய்களைச் சேர்த்தால் குட்டியின் உள்ளினச்சேர்க்கை அளவு, அதாவது நெருங்கிய உறவில் சேர்ந்ததன் அளவு, 25 சதவீதம். தாய் அல்லது தந்தை மட்டும் ஒன்றான நாய்களைச் சேர்த்தால் 12.5, உடன்பிறந்த இரு நாய்களின் பிள்ளைகளை ஒன்றோடொன்று சேர்த்தால் 6.25. மூன்று தலைமுறை வம்சாவளியை மட்டும் பார்த்துக் கணக்கிட்டால் பூச்சியம் வரும் ஈற்றே பத்துத் தலைமுறை பின்னோக்கிப் பார்த்தால் உயர்ந்த எண்ணைக் காட்டும். எத்தனை தலைமுறை என்று குறிப்பிடாத சதவீதத்தை மேசையில் வைக்கவே கூடாது. இடுப்பு மூட்டுக் குறை அறிக்கையிலும் இதே சிக்கல் உண்டு. ஏ (சிறந்தது) முதல் இ (மோசமானது) வரையான தரவரிசையில் “எண்பது சதவீதம் ஏ, பி” என்று சொன்னால் கைத்தட்டல் கிடைக்கும். ஆனால் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தவுடனே மோசம் என்று தெரிந்தவற்றை மதிப்பீட்டுக்கு அனுப்பாமலே விட்டிருந்தால் அந்த எண்பது பொய்யான எண்பது. பிறந்த குட்டிகளில் எத்தனைக்கு எக்ஸ்ரே எடுக்கப்பட்டது என்பதும் பக்கத்தில் இருக்கட்டும். களத்தேர்வு முடிவுக்கும் அப்படியே: தேறியவை எத்தனை என்பதோடு, தேர்வுக்கே வராதவை எத்தனை என்றும் கேட்க வேண்டும்.

நோய் பற்றிய பேச்சில் நாயின் பெயரோ வளர்ப்பாளர் பெயரோ பொதுக்கூட்டத்தில் வரக் கூடாது. வலிப்பு வந்த நாயின் பெயரை யாராவது எழுந்து சொன்னால், கூட்டத் தலைவர் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். இரக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஒருமுறை பெயர் வெளிவந்துவிட்டால் மறு ஆண்டு யாரும் நோயைத் தெரிவிக்கமாட்டார்கள், குழுவுக்குத் தகவல் வற்றிப்போகும். நடுவர் மீதான புகாரும் அப்படியே. அதை ஒழுங்குக் குழுவுக்கு அனுப்ப வேண்டும், மேடையில் தீர்க்கக் கூடாது.

தீர்மான வாசகத்துக்கு வருவோம். “உறுப்பினர்கள் இடுப்பு மூட்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும்” என்பது தீர்மானம் இல்லை, ஆசை. எந்த நாய், எந்த நிபந்தனை, எந்த நாளிலிருந்து, விதிவிலக்கு யார் கொடுப்பது, மீறினால் என்ன என்ற ஐந்துக்கும் அதில் விடை இருக்க வேண்டும். “சி தரம் பெற்ற நாயை ஏ தரம் பெற்ற நாயோடு மட்டுமே இணைசேர்க்கலாம்; குறித்த தேதிக்குப் பின் நடக்கும் இணைசேர்ப்புகளுக்கு இது பொருந்தும்” என்று எழுதி, விதிவிலக்கையும் மீறலுக்கான விளைவையும் சேர்த்தால் வாக்களிக்க முடியும். தேதியை இணைசேர்த்த நாளோடு கட்டுவது முக்கியம். நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். பிறந்த நாளோடு கட்டினால், கூட்டத்துக்கு முந்தைய வாரம் விதிப்படியே சேர்த்த பெட்டையின் குட்டிகள் எட்டு வாரம் கழித்து விதிமீறலாகப் பிறக்கும். அந்த வளர்ப்பாளர் தவறே செய்யாமல் தண்டனை பெறுவார். இந்த ஒரு வரி பிழையால் மனம் கசந்து பிரிந்துபோவது தவிர்க்கக்கூடிய ஒன்று.

திருத்தங்கள் வந்தால் முதன்மைத் தீர்மானத்திலிருந்து மிக விலகிப்போகும் திருத்தத்துக்கு முதலில் வாக்கு, பிறகு அடுத்தது, எஞ்சி நிற்கும் வாசகத்துக்குக் கடைசி வாக்கு. அறிவிப்பில் இருந்த தீர்மானத்தைவிடக் கடுமையான ஒன்றைத் திருத்தம் என்ற பெயரில் நுழைக்க விடக் கூடாது. சி தரத்துக்குக் கட்டுப்பாடு என்று படித்துவிட்டு வீட்டிலேயே இருந்தவர், சி தரத்துக்கு முழுத்தடை வந்துவிட்டது என்று கேள்விப்படக் கூடாது அல்லவா?

மூன்றில் இரண்டு பங்கு என்றால் எதில் மூன்றில் இரண்டு என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே கூட்டத் தலைவர் உரக்கச் சொல்ல வேண்டும். 84 அட்டை கொடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆதரவு 46, எதிர்ப்பு 24, மீதி 14 பேர் வாக்களிக்கவில்லை. பதிவான வாக்கில் மூன்றில் இரண்டு என்றால் 70இல் 47 வேண்டும். ஒரு வாக்கில் தோல்வி. வந்திருப்பவரில் மூன்றில் இரண்டு என்றால் 56 வேண்டும். பத்து வாக்கில் தோல்வி. சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றால் அதே 46 வெற்றி. முடிவு தெரிந்த பிறகு விதியைத் தேடிப் படித்தால், எப்படிப் படித்தாலும் ஒரு பக்கத்துக்குச் சாதகமாகப் படித்ததாகவே தோன்றும். நெருக்கமாக வரும் என்று தெரிந்தால் கை எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சீட்டுக்குப் போங்கள்.

வேட்டைக்காக வளர்ப்பவருக்கும் காட்சிக்காக வளர்ப்பவருக்கும் இடையே உரசல் இருக்கவே செய்யும். அதை அடக்கத் தேவையில்லை, நேரம் பகிர்ந்தால் போதும்: முதல் முறை மூன்று நிமிடம், இரண்டாம் முறை இரண்டு நிமிடம், இதுவரை பேசாதவருக்கு முன்னுரிமை. பேசுவோர் பட்டியல் எழுத்தில் இருக்கட்டும்.

கணக்கில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஒன்று: அடுத்த பருவத்துக் களத்தேர்வுக்கு முன்கூட்டியே வந்த நுழைவுக் கட்டணம் இந்த ஆண்டு வருமானத்தில் ஏறியிருக்கும், அதற்கான நடுவர் பயணச் செலவு அடுத்த ஆண்டில் நிற்கும். இந்த ஆண்டு உபரி, அடுத்த ஆண்டு பற்றாக்குறை என்று காட்சி மாறும். நிர்வாகத்துக்குப் பொறுப்பு விடுவிப்பு வழங்கும் வாக்கில், அதாவது ஆண்டின் செயல்பாட்டை ஏற்று அவர்களைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் வாக்கில், நிர்வாகிகள் கை தூக்கக் கூடாது. தேர்தலில் மூன்று இடத்துக்கு நான்கு பெயர் எழுதிய சீட்டு செல்லாது. இரண்டு பெயர் எழுதியது செல்லுமா என்பதை முன்பே அறிவியுங்கள். “இதர விஷயங்கள்” என்ற தலைப்பில் பேசலாம், முடிவு எடுக்க முடியாது.

நாய்களை மறந்துவிடக் கூடாது. உறுப்பினர்கள் வண்டியில் நாயோடுதான் வருவார்கள். நிழலான நிறுத்துமிடமும் தண்ணீரும் இல்லாத மண்டபத்தை எடுக்காதீர்கள்; மூடிய காரில் வெப்பம் சில நிமிடங்களிலேயே ஆபத்தான அளவுக்கு ஏறும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இடைவேளை வேண்டும். வாக்கெடுப்புக்குச் சற்று முன் இடைவேளை விட்டுவிட்டு, எல்லோரும் திரும்பி வந்ததைப் பார்த்து அட்டைகளை மறுபடி எண்ணிய பிறகு தொடங்குவது நல்லது.

நடவடிக்கைக் குறிப்பில் பேச்சு முழுவதும் வேண்டாம். தீர்மானத்தின் இறுதி வாசகம், ஆதரவு, எதிர்ப்பு, வாக்களிக்காதோர் எண்ணிக்கை, தேவைப்பட்ட பெரும்பான்மை, கேட்டுக்கொண்டவரின் மாற்றுக் கருத்து ஆகியவை போதும். சரிபார்ப்பவர் இருவரும் இரண்டு வாரத்துக்குள் கையெழுத்திட வேண்டும். இணைசேர்ப்பு விதியில் மாற்றம் என்றால் தாய் அமைப்பான கென்னல் கிளப்பின் ஒப்புதல் தேவைப்படலாம். ஒப்புதல் வரும்வரை பழைய விதியே நடப்பில் இருக்கும் என்பதைக் குறிப்பின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். கூட்டத்துக்கு வராதவர் உள்பட எல்லா வளர்ப்பாளர்களுக்கும் புதிய வாசகமும் நடைமுறைக்கு வரும் தேதியும் எழுத்தில் போக வேண்டும். ஏற்கெனவே இணைசேர்த்துவிட்டதாகத் தெரிவித்தவர்களுக்கு, அவர்களுடைய ஈற்று பழைய விதியின் கீழ்தான் பதிவாகும் என்று தனிக் கடிதம் அதே வாரத்தில் அனுப்பிவிடுங்கள்.