பொறுத்தருளும்

நாகப்பட்டினத்தைத் தாண்டியதுமே என் மனைவி செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டாள். வேளாங்கண்ணிக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தது. அவளுடைய அம்மாவும் அப்படித்தான் செய்வாராம். எங்கள் மகளுக்குப் பிரசவம் சிக்கலானபோது என் மனைவி, தாயும் பிள்ளையும் பிழைத்து வந்தால் மணல் பாதையில் முழங்காலில் வருகிறேன் என்று மாதாவுக்கு நேர்ந்திருந்தாள். பேரனுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது. அந்த நேர்ச்சையைச் செலுத்தத்தான் இந்தப் பயணம்.

ஜூன் மாதம் என்பதால் கூட்டம் இல்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை காவி உடுத்தி நடந்து வரும் கூட்டத்தை நினைத்தால், அன்று பார்த்தது வேறு ஊர். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவளின் கழுத்தில் மஞ்சள் கயிறு. அதைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது.

மூன்று வருடங்களுக்கு முன் அவளுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தது. உள்ளே கூட்டிப் போகுமுன் நகைகளைக் கழற்றச் சொன்னார்கள். தாலியை மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்துக் கொண்டு, ஆறு பவுன் செயினை என் உள்ளங்கையில் வைத்து, "பத்திரம்" என்றாள். அதை நான் நண்பன் ஒருவனுடைய அவசரத்துக்காக அடகு வைத்தேன். அவளிடம் கேட்கவில்லை. பணம் திரும்பவில்லை, செயின் ஏலத்தில் போனது. விஷயம் தெரிந்த அன்று அவள் சத்தம் போடவில்லை. யாராவது கேட்டால், "அறுந்து போச்சு, பத்த வைக்கக் கொடுத்திருக்கு" என்று சொல்லி என்னைக் காப்பாற்றினாள். ஆனால் வீட்டில் ஒன்று நின்றுபோனது. எனக்கு மீனில் முள் எடுத்துச் சாப்பிட வராது. கல்யாணமான நாளிலிருந்து அவள்தான் எடுத்து வைப்பாள். அதற்குப் பிறகு தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள்.

நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. "சூழ்நிலை அப்படி ஆயிடுச்சு" என்றுதான் சொல்லியிருந்தேன். பலமுறை.

காலைத் திருப்பலியில் பரலோக மந்திரம் சொல்லும்போது அவள் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. "எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பது போல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்." சின்ன வயதிலிருந்து சொல்லி வரும் செபம்தான். பாரத்தைத் தாங்குவதும் பொறுப்பது, பிழையை மன்னிப்பதும் பொறுப்பது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இவள் மூன்று வருடமாகத் தாங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் தள்ளி நின்று, அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறேன். பொறுத்து என்பதோடு அருளும் என்றும் சேர்த்து வைத்திருக்கிறார்களே, அந்த இரண்டாவது பாதியை யாரும் கேட்டு வாங்க முடியாது. கொடுத்தால்தான் உண்டு.

பூசை முடிந்து, செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாம் சொன்னேன். வயதான சாமியார், கடைசிவரை கேட்டுவிட்டு, "கடவுள்கிட்ட கேட்டுட்டீங்க, சரி. வீட்டம்மாகிட்ட கேட்டீங்களா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. குடும்பத்துக்கு மூன்று சொற்கள் வேண்டும் என்று மறைந்த போப் பிரான்சிஸ் அடிக்கடிச் சொன்னதை அவர் நினைவூட்டினார். ஒன்று அனுமதி கேட்பது, இன்னொன்று நன்றி சொல்வது, மூன்றாவது மன்னிப்புக் கேட்பது. மூன்றில் ஒன்றையும் நான் செய்திருக்கவில்லை.

அப்புறம் மணல் பாதை. பேராலயத்திலிருந்து மாதா குளம் வரை போகிறது. அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு முழங்காலிட்டாள். நான் பக்கத்தில் நடந்தேன். கொஞ்ச தூரத்திலேயே அவள் உதடுகள் இறுகிவிட்டன. மணல் மெத்தென்று தெரியும், ஆனால் அதில் சிப்பித் துணுக்குகள் கிடக்கும். பத்து பத்து மணியாகச் சொல்லி நகர்ந்தாள். ஓரிடத்தில் நின்று மணலில் கையை ஊன்றினாள். நான் பேசாமல் பக்கத்தில் முழங்காலிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டாள். குளம் வரை அப்படியே போனோம்.

அந்தக் குளத்தருகேதான் பால்காரச் சிறுவன் இளைப்பாறியபோது மாதா தோன்றித் தன் குழந்தைக்குப் பால் கேட்டார் என்பது மரபு. சிறுவன் கொடுத்தான். எஜமான் வீட்டுக்குப் போய், தாமதமானதையும் பால் குறைந்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டான். மூடியைத் திறந்தால் பானையில் பால் நிரம்பி வழிந்தது. எத்தனையோ முறை கேட்ட கதை. அவன் குறைவை ஒப்புக்கொண்டது மூடியைத் திறப்பதற்கு முன்னால் என்பதை நான் கவனித்ததே இல்லை.

படியில் உட்கார்ந்து அவள் முழங்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டேன். தோல் உரிந்திருந்தது. "உன்னைக் கேக்காம உன் செயினை எடுத்தேன். அது சூழ்நிலை இல்ல, நான் செஞ்ச தப்பு. ஊர்ல என் மானத்தைக் காப்பாத்தினே, அதுக்கு ஒரு நன்றிகூட நான் சொல்லல. என்னை மன்னிச்சிடு" என்றேன்.

ரொம்ப நேரம் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பொன்னு போனது எனக்குப் பெரிசில்லைங்க. உங்க கையில கொடுத்தேனே, அதுதான்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மகளுக்காகத்தான் நேர்ந்தேன். பாதி வழியில உங்களுக்காகவும் சொல்லிட்டுதான் வந்தேன்."

கோவிலில் தாலி கட்டிய அன்று, "உனக்குப் பிரமாணிக்கமாயிருந்து" என்று சாமியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னேன். அந்தக் குளத்துப் படியில் அதே வாக்கை யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளிடம் மறுபடி சொன்னேன். முழுதாக நினைவிருந்தது.

சாயங்காலம் கடற்கரைப் பக்கம் வறுத்த மீன் கடையில் உட்கார்ந்தோம். சங்கரா மீன் சொன்னோம். காகிதத் தட்டு வந்ததும் அவள் அதைத் தன் பக்கம் இழுத்து, நடுமுள்ளை உருவி ஓரமாக வைத்துவிட்டு, தட்டை என் பக்கம் தள்ளினாள். "சூடா இருக்கு, பாத்து" என்றாள்.