கேட்டில் ஊதும் குழாய்

எங்கள் தொழிற்சாலையில் காலை ஷிப்டுக்கு வருகிறவர்கள் கேட்டில் மது சோதனைக் கருவியில் ஊதிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஒன்றரை மாதத்துக்கு முன் ஒரு திங்கள்கிழமை, 19 வருட சர்வீஸ் உள்ள பிரஸ் (அழுத்து இயந்திரம்) ஆபரேட்டர் ஒருவர் ஊதியதும் கருவி கத்தியது. "மவுத்வாஷ் கொப்பளித்தேன் சார்" என்றார். அப்படியும் நடக்கும் என்பதால் பதினைந்து நிமிடம் உட்காரவைத்து, புதுக் குழாய் மாட்டி மறுபடி ஊதச் சொன்னோம். எண் இறங்கவில்லை. பைக் சாவியை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பினோம்.

பழைய பாதை எனக்கு மனப்பாடம்: மெமோ, சஸ்பென்ஷன், உள்விசாரணை, டிஸ்மிஸ். நானே பலருக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன். குடிப்பழக்கத்தையும் மற்ற நோய்களைப் போலவே நடத்தவேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996-இல் வெளியிட்ட நடைமுறைக் கையேடு சொல்கிறது. அது எங்கள் அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. இந்த முறை எடுத்துப் படித்தோம்.

மருத்துவ விடுப்பு, சிகிச்சை, திரும்பியதும் மூன்று மாதம் பிரஸ் பக்கம் போகக்கூடாது என்று எழுதி வாங்கினோம். கை போகிற இயந்திரம் அது. அதில் மட்டும் இரக்கம் காட்ட முடியாது.

ஆண்டு விழாவுக்கு ஓட்டலில் நிர்வாகமே பாட்டில் திறக்கிறது என்பதை மீட்டிங்கில் சொன்னேன். யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த ஆபரேட்டர் நேற்று வேலைக்குத் திரும்பினார். ஸ்டோரில் போல்ட் எண்ண வைத்தது அவமானமாக இருக்கிறதாம். இருக்கட்டும் என்றேன். டீக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம்.