வாரத்தில் இரண்டு மணி நேரம்

பிள்ளை பிறந்து நாலைந்து மாதம் ஆன பெண்கள் பலரும் சொல்வது இது: "நான் பழைய ஆளே இல்ல." தாய்வீட்டில் இருக்கும்வரை இந்தப் பேச்சு அவ்வளவாக வராது. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போன பெண் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கைப்பிள்ளையோடு புகுந்த வீட்டுக்குத் திரும்புகிறாள். பத்தியச் சாப்பாடு நின்றுவிடுகிறது, ராத்திரி பிள்ளையை வாங்கிக்கொள்ள அம்மா பக்கத்தில் இல்லை. அறையும் அலமாரியும் விட்டுப்போனபடியே இருக்கின்றன. அவள் மட்டும் மாறியிருக்கிறாள். அப்போதுதான் அந்த வாசகம் வாயில் வருகிறது.

அவள் சொல்வது உண்மை. அமெரிக்க மானுடவியலாளர் டேனா ரஃபேல் 1973-இலேயே, தாயாவது பிரசவ அறையோடு முடிகிற நிகழ்ச்சி அல்ல, நீண்டு நடக்கும் ஒரு மாற்றக் காலம் என்று சொல்லி அதற்கு மெட்ரெசென்ஸ் என்று பெயரும் வைத்தார். 2017-இல் நேச்சர் நியூரோசயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், முதல் கர்ப்பத்துக்கு முன்னும் பின்னும் பெண்களின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்ள உதவும் பகுதிகளில் சாம்பல் நிறப் பொருளின் (நரம்பு செல்கள் நிறைந்த திசு) அளவு குறைந்திருந்தது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்த மாற்றம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. நினைவாற்றல் சோதனைகளில் மட்டும் எந்தக் குறைவும் தெரியவில்லை. பிள்ளையின் தேவையைப் படிக்க மூளை தன்னைச் சீர்செய்துகொள்வதாக ஆய்வாளர்கள் இதைப் பார்க்கிறார்கள்.

ஆகவே "எப்போ பழையபடி ஆவேன்" என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. யோசித்து யோசித்தும் 'நான்' திரும்பி வருவதில்லை. தனக்கென்று இருந்த ஒரு வேலையை, இப்போதிருக்கும் உடம்போடு, குறித்த நேரத்தில் மறுபடி செய்யத் தொடங்கும்போதுதான் வருகிறது. அதற்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் போதும். ஆனால் அந்த நேரத்துக்குப் பிள்ளையின் பொறுப்பு முழுதாகக் கைமாற வேண்டும்.

அதற்கு முன் ஒரு விஷயத்தைச் சரிபார்த்துவிடுங்கள். எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை, பிள்ளை தூங்கினாலும் தூக்கம் வரவில்லை என்றால் அது அடையாளப் பிரச்சினை மட்டுமாக இருக்காது. மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று உண்டு. 1987-இல் வந்தது, தமிழிலும் இருக்கிறது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 13-ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 'ஒருபோதும் இல்லை' தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் கூட்டுத்தொகையைப் பார்க்காமல் அன்றைக்கே உதவி தேடுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

கூடவே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுவது நல்லது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சோகை இருக்கிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குவதை "தாயாகிட்டேன், அப்படித்தான்" என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். பாலூட்டும் தாய்க்கு 180 நாளைக்குத் தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்குக் காபி, டீ வேண்டாம். கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்த்துப் போடக் கூடாது. சேர்த்துப் போட்டால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது.

இனி அந்த இரண்டு மணி நேரம். ஏன் இரண்டு? நாலு மாதப் பிள்ளை பெரும்பாலும் இரண்டு, மூன்று மணிக்கு ஒருதரம் பால் குடிக்கும். பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, துணி மாற்றிக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் அடுத்த பசிக்கு முன் திரும்பிவிடலாம். பசியோடு விட்டுப் போகும் முதல் நாள்தான் பெரும்பாலான வீடுகளில் கடைசி நாளாக முடிகிறது. "நீ போன அஞ்சாவது நிமிஷமே அழ ஆரம்பிச்சிடுச்சு" என்று ஒரு பேச்சு வந்தால் போதும், அடுத்த வாரம் கிளம்ப அவளுக்கே மனசு வராது.

எந்தக் கிழமை என்பது சின்ன விஷயம் இல்லை. ஞாயிறு காலையைத் தொடாதீர்கள். கறி வாங்கி, மசாலா அரைத்து, சொந்தக்காரர் யாராவது வந்து நிற்கும் நேரம் அது. சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு நன்றாகப் பொருந்தும். கணவர் வீட்டில் இருப்பார், சமையல் பாதி முடிந்திருக்கும். அவருக்குச் சனிக்கிழமையும் வேலை என்றால் வார நாளில் மாலை ஆறு முதல் எட்டு. ஆனால் அந்த நேரத்தில் பிள்ளைகள் பொதுவாகவே அதிகம் சிணுங்கும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

பொறுப்பைக் கைமாற்றுவது ஒரே நாளில் நடக்காது. முதல் வாரம் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருங்கள். இரண்டாம் வாரம் மொட்டை மாடி. மூன்றாம் வாரம் வீட்டை விட்டு வெளியே. முதல் வாரத்தில் கதவு தட்டப்படும்: "ஜட்டி எங்க இருக்கு?", "இந்த மருந்து எத்தனை சொட்டு?" எழுந்து போகாமல், கேட்கப்பட்ட ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். கடைசியாகப் பால் குடித்த நேரம், மாற்றுத்துணி இருக்கும் தட்டு, தூக்கம் வந்தால் பிள்ளை காட்டும் அடையாளம் (காதைத் தேய்ப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது), எந்த அழுகைக்கு எது பலிக்கும். அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டுவிட்டால் மூன்றாம் வாரம் போன் வராது.

கணவரிடம் ஒன்றை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தன் அம்மா மடியில் வைப்பது பார்த்துக்கொள்வது ஆகாது. அவர் கையில் பிள்ளை இருக்க வேண்டும், போன் இருக்கக் கூடாது. மாமியாரிடம் அனுமதி கேட்கும் தொனியும் வேண்டாம், சண்டைத் தொனியும் வேண்டாம். "அத்தை, பன்னெண்டு மணிக்கு வந்துடுவேன். பாப்பாவை அவரு பாத்துக்குவாரு, நீங்க கொஞ்சம் படுங்க." அந்தக் கடைசி வார்த்தை முக்கியம். அந்த வீட்டில் ஓய்வில்லாத இன்னொரு தாய் அவர்தான்.

வர நேரமாகலாம் என்றால் பால் எடுத்து வையுங்கள். 90 முதல் 120 மில்லி போதும். கை கழுவி, கொதிக்கவைத்து ஆறிய பாத்திரத்தில் எடுக்க வேண்டும். 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் நாலு மணி நேரம் வரை வைக்கலாம் என்பது பொதுவான கணக்கு. நம் ஊர்க் கோடையில் மின்விசிறி ஓடும் அறையே 30-ஐத் தாண்டும் என்பதால் எடுத்த கையோடு குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுவதுதான் சரி. கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே பின்பக்கமாக வையுங்கள், நாலு நாள் தாங்கும். கொழுப்பு மேலே மிதந்தால் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்க வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரத்தை வைத்தால் போதும்.

புட்டியை விடப் பாலாடை (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) நல்லது. புட்டிக்குப் பழகி மார்பில் குடிக்க மறுக்கும் தொல்லை இதில் இல்லை, கழுவிக் கொதிக்கவைப்பதும் சுலபம். பிள்ளையைப் படுக்கவைத்துக் கொடுக்கக் கூடாது. தலையும் முதுகும் நிமிர்ந்திருக்கும்படி மடியில் சாய்த்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்க்க வேண்டும். பிள்ளை தானே நக்கி விழுங்கும். விழுங்கி முடித்த பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டு வாயில் ஊற்றினால் புரையேறும். தாய் கொடுத்தால் பிள்ளை வாங்காமல் மார்பைத் தேடும், அதனால் பழக்குவது வேறு ஆளாக இருக்கட்டும். "அழுதுச்சு, கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி குடுத்தேன்" என்ற பேச்சுக்கும் முன்பே தடை போட்டுவிடுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வெறும் தண்ணீர்கூட வேண்டாம்.

சரி, அந்த நேரத்தில் என்ன செய்வது? எதைச் செய்யக் கூடாது என்பது எனக்குத் தெளிவு: துணி மடிப்பது, மளிகை வாங்குவது, தலைக்குக் குளிப்பது. குளியல் எல்லாருக்கும் தினமும் உள்ள உரிமை, அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. முன்பு செய்து வந்த, சின்ன அளவில் தொடங்க முடிகிற ஒன்றை எடுங்கள்.

பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவரை எடுத்துக்கொள்வோம். மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, சுகப்பிரசவமானால் ஆறு வாரம், சிசேரியன் என்றால் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்துத் தொடங்கலாம். நேராகச் சுருதிப்பெட்டியைத் திறந்து பழைய ஐந்தரைக் கட்டைச் சுருதியில் வர்ணம் பாடிப் பார்ப்பதுதான் எல்லாரும் முதலில் செய்வது. இரண்டாவது தாளச் சுற்றிலேயே மூச்சு தீர்ந்துபோகும், "குரலே போச்சு" என்று பெட்டியை மூடிவிடுவார்கள். குரலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மூச்சை அடியிலிருந்து தாங்கும் வயிற்றுத் தசைகள் பத்து மாதம் இழுபட்டுக் கிடந்து இன்னும் கூடவில்லை, அவ்வளவுதான்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தலையை லேசாகத் தூக்கிக்கொண்டு தொப்புளுக்கு மேலே விரல்களைக் குறுக்காக வைத்துப் பாருங்கள். நடுப்பள்ளத்தில் இரண்டு விரலுக்கு மேல் இறங்கினால் தசை இடைவெளி இன்னும் இருக்கிறது. அப்போது படுத்து எழும் வயிற்றுப் பயிற்சிகள் வேண்டாம், பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். பாட்டை மட்டும் தொடரலாம். கட்டையை ஐந்துக்கோ நாலரைக்கோ இறக்கி, முதல் இரண்டு வாரம் பத்து நிமிடம் மந்திர ஸ்தாயியில் (கீழ்க்குரலில்) 'ஆ' என்று நீட்டும் அகாரம், பிறகு தொடக்கப் பாடமான சரளி வரிசை முதல் காலத்தில் (மெதுவாக), அதன்பின் ஜண்டை, கீதம். வர்ணம் கடைசியில், அதுவும் ஒரே வேகத்தில். மேல் ஷட்ஜத்தை (மேல் 'ஸ') பிடிக்கும்போது சிறுநீர் சொட்டினால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், இடுப்புத்தளத் தசை தளர்ந்திருப்பதன் அடையாளம் அது. சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையை இறுக்கிப் பத்து விநாடி பிடித்து விட வேண்டும். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. தொடக்கத்தில் மூன்று விநாடிதான் பிடிக்க முடியும், பரவாயில்லை. மூன்று மாதம் விடாமல் செய்தும் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பரதம் ஆடியவர்களுக்கும் இதே வரிசைதான்: தட்டடவும் நாட்டடவும் முதலில், அரைமண்டியில் (முழங்கால் மடக்கி நிற்பது) முழுதாக இறங்குவது மெல்ல மெல்ல, குதிக்கும் அடவுகள் எல்லாவற்றுக்கும் கடைசி. வாசிப்பவர்கள் தடித்த நாவலைத் தள்ளிவைத்துச் சிறுகதையில் தொடங்குங்கள். துண்டு துண்டாகத் தூங்கும் காலத்தில் நூறு பக்கத்துக்கு முந்தைய பாத்திரம் நினைவில் நிற்காது.

கண்ணாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "பிள்ளை முகம் பார்த்துச் சிரிச்சா அம்மாவுக்கு முடி கொட்டும்" என்று பாட்டிமார் சொல்வார்கள். கால அளவு சரிதான், காரணம் வேறு. கர்ப்பத்தில் ஹார்மோன்கள் உதிராமல் பிடித்து வைத்திருந்த முடி, பிரசவமாகி மூன்று மாதம் வாக்கில் மொத்தமாக உதிர்கிறது. ஷாம்பு மாற்றியும் நிற்காது. பெரும்பாலும் ஓராண்டுக்குள் தானே சரியாகும். பழைய ரவிக்கைகளைத் தினமும் போட்டுப் பார்த்து நொந்துகொள்ள வேண்டாம். நல்ல தையல்காரர் பக்கத் தையலில் ஒரு அங்குலமாவது உள்ளே விட்டிருப்பார், நாலு ரவிக்கையைப் பிரித்துத் தைக்கக் கொடுங்கள். மற்றதை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிடுங்கள். இன்றைய உடம்புக்குச் சரியான துணியைப் போட்டுக்கொண்டு வெளியே போகிற பெண்ணின் நடையே வேறு.

வேலைக்குத் திரும்புவோர் மகப்பேறு விடுப்புச் சட்டத்தைத் தெரிந்து வைத்திருங்கள். 2017 திருத்தத்திலிருந்து, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதில் பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம், ஆகவே முன்பே எடுத்தால் பின்னால் குறையும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளைகளும் உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் விடுப்பு 12 மாதம். முதல் வாரத்தைத் திங்களில் தொடங்காமல் புதன் அல்லது வியாழனில் தொடங்கக் கேளுங்கள். இரண்டு மூன்று நாளில் வார இறுதி வந்துவிடும், எது ஒத்துவரவில்லை என்று பார்த்துச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.

இடையில் வாரங்கள் தவறும். 6, 10, 14-ஆம் வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் தடுப்பூசி வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் புதன்கிழமை போடுவார்கள், அடுத்த ஓரிரு நாள் காய்ச்சலும் சிணுங்கலும் இருக்கலாம். பல் முளைக்கும், சளி பிடிக்கும், ஊரில் கல்யாணம் வரும். தவறிய வாரத்துக்கு ஈடாக அடுத்த வாரம் நாலு மணி நேரம் கேட்காதீர்கள். வீட்டிலும் சிக்கலாகும், மார்பில் பால் கட்டிக்கொண்டு உங்களுக்கும் வலிக்கும். அடுத்த சனிக்கிழமை, அதே பத்து மணி, அதே இரண்டு மணி நேரம். பிள்ளை ஆறு மாதம் முடிந்து கூழும் பருப்புச் சாதமும் சாப்பிடத் தொடங்கிய பிறகு அதை மூன்று மணி நேரமாக்கலாம், ஒரு வயதுக்கு மேல் அரைநாளாக்கலாம்.