உடைந்த திரையும் உப்புக்காற்றும்

ராமேஸ்வரம் அருகேயுள்ள மண்டபம் ஊரில் படகிலிருந்து இறங்கும்போது கல்லில் விழுந்து திரை நொறுங்கிய என் கைபேசியை, கடைக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே பிரித்தேன். ஹேர் டிரையரால் விளிம்பைச் சூடாக்கிப் பசையை இளக்கி, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை நுழைத்துத் திறந்ததும், மின்னோட்டத்தால் போர்டு (உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை) பழுதாகிவிடக் கூடாது என்பதற்காக முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினேன்.

திரையைப் போர்டோடு இணைக்கும் கனெக்டரின் ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. உப்புக்காற்று செம்பை அரித்ததன் அடையாளம் அது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்ற, சீக்கிரம் ஆவியாகிவிடும் சுத்திகரிப்புத் திரவத்தில் நனைத்த பழைய பிரஷால் தேய்த்த பின்பே மறைந்தது.

ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையிலேயே தாளில் ஒட்டிவைத்தேன் (கடுகு சிந்திக் கிடப்பதாக எண்ணி அம்மா தட்டிவிடப் பார்த்தார்). சற்றே நீளமான ஸ்க்ரூ தவறான துளையில் இறங்கினால் போர்டையே கெடுத்துவிடும். புதிய திரையை, தொடுதல் வேலை செய்கிறதா என்று சோதித்த பிறகே ஒட்டினேன். பிரித்து ஒட்டிய கைபேசியின் நீர் புகாத் தன்மையை இனி நம்ப முடியாது என்பதால், படகில் ஏறினால் கைபேசி பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது.