சிட்டா இல்லாமல் கிடைத்த கிசான் கடன் அட்டை

கோடையில் வேலூர் மாவட்டத்தில் எங்கள் அணைக்கட்டுப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு வைக்கோல்தான் பெரும் கவலை. கையில் காசில்லாதவர்கள் கறவை மாட்டையே செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு ஓட்டிப்போய், கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வருவார்கள். எங்கள் வீட்டுக்கும் அந்த நிலை வந்துவிடக் கூடாதென்றுதான், விவசாயிகளுக்குக் குறைந்த வட்டியில் வங்கிக் கடன் தரும் கிசான் கடன் அட்டைக்கு அலைந்தேன். எங்களிடம் நான்கு கறவை மாடுகள் இருக்கின்றன. சொந்த நிலம் ஒரு சென்ட்கூடக் கிடையாது.

வங்கியில் எடுத்த எடுப்பிலேயே நில ஆவணங்களான சிட்டா, அடங்கல் கேட்டார்கள். இல்லை என்றதும் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இதைக் கேட்டுக் கால்நடை உதவி மருத்துவருக்கு வந்த கோபம் எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது. 2019 முதலே கால்நடை வளர்ப்போருக்கும் இந்த அட்டை உண்டு, நிலம் இல்லாதவர்களும் குத்தகைக்காரர்களும் கேட்கலாம் என்று அவர் எடுத்துச் சொன்னார். தீவனம், மருந்து போன்ற பராமரிப்புச் செலவுக்கான கடன் இது. மாடு வாங்குவதற்கு வேறு கடன்.

மாடு நம்முடையது என்பதற்கு அதன் காதுதான் சாட்சி. மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். சாணமும் புழுதியும் அப்பியிருந்ததால், எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துத் துடைத்து ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க வேண்டியிருந்தது. மாடு காதை உதறிக்கொண்டே இருந்தது. ஒரு மாட்டுக்கு வேலிமுள்ளில் சிக்கி வில்லை அறுந்துபோயிருந்தது. அதற்குப் புதிதாகப் போட்டுப் பதிவு செய்தார்கள். அதன்பின் மருத்துவர் சான்று தந்தார். பால் சொசைட்டிச் செயலாளர், நாங்கள் தினமும் பால் ஊற்றுவதற்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். வங்கியில் அதிகம் பேசியது அந்தக் கடிதம்தான் என்பேன். மாதாமாதம் வரும் வரவு அதில் தெரிகிறது.

அப்படியும் கிளையில் தயங்கினார்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தேன். அது மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடம் போனது. பிறகு கிளையிலிருந்தே கூப்பிட்டார்கள்.

ஒரு மாட்டுக்கு இவ்வளவு என்று மாவட்டத் தொழில்நுட்பக் குழு நிர்ணயித்த தொகைப்படிதான் கடன். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கக் கூடாது. வட்டி ஆண்டுக்கு 7 சதவீதம். தவணைக்குள் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடியாகி 4 சதவீதம்தான். ஊரில் மூன்று வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்க்கு, வாங்கினால் ஆண்டுக்கு 36 சதவீதம் ஆகிறது. எத்தனை குடும்பங்களின் பால் காசை அந்த வட்டி தின்றிருக்கிறது என்று நினைத்தால் வயிறு எரிகிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் அருகில் இருந்தால் அங்கே முதலில் கேளுங்கள். கால்நடைப் பராமரிப்புக் கடனைத் தவணைக்குள் கட்டுவோருக்கு அங்கே வட்டியே இல்லை.

தவணை நாள் தவறினால் அந்த 3 சதவீதத் தள்ளுபடி போய்விடும். அதனால் கடன் வாங்கும் அன்றே கடைசித் தேதியைப் பாஸ்புத்தகத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.