போன் திருடு போச்சுன்னா எதை முதல்ல பிளாக் பண்ணணும், நான் போன வரிசை

போன் காணோம்னதும் எல்லாரும் முதல்ல பண்றது அந்த நம்பருக்கே திரும்பத் திரும்ப கால் அடிக்கறதுதான். ரெண்டு தடவை அடிச்சுப் பாருங்க, தப்பில்ல, ஆனா சுவிட்ச் ஆஃப்னு வந்துச்சுன்னா அதோட நிறுத்திட்டு உடனே சிம்மை பிளாக் பண்ணுங்க. போனை இல்ல, சிம்மை. இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன், ஏன்னா திருடினவன் கையில இருக்கற போன் லாக் ஆகியிருக்கும், அதை அவனால அவ்வளவு சீக்கிரம் ஒன்னும் பண்ண முடியாது, ஆனா உள்ள இருக்கற சிம்மை ஒரு பின்னு வச்சு வெளிய எடுத்து வேற ஒரு போன்ல போட்டா உங்களுக்கு வர்ற ஓடிபி எல்லாம் அவனுக்கு வரும்.

எனக்கு நடந்தது கோயம்புத்தூர்ல. காந்திபுரத்துல இருந்து சரவணம்பட்டி போற பஸ், சாயங்கால கூட்டம், ஹேண்ட்பேக்கோட பக்கவாட்டை பிளேடு வச்சு அறுத்து போனையும் பர்ஸையும் சேர்த்து எடுத்துட்டாங்க. ரெண்டும் சேர்ந்து போனதுதான் எனக்குப் பெரிய பயம். பர்ஸ்ல டெபிட் கார்டு, ஆதார் நகல் ரெண்டும் இருந்துச்சு. யூபிஐ பின் புதுசா வைக்கணும்னா டெபிட் கார்டோட கடைசி ஆறு நம்பரும் எக்ஸ்பைரி தேதியும் ஒரு ஓடிபியும் போதும், கார்டு இல்லாட்டி ஆதாரோட முதல் ஆறு நம்பரும் ஓடிபியும் போதும். அதாவது அவன் கையில எல்லாமே இருக்கு, அவனுக்கு வேண்டியது அந்த சிம் இன்னும் கொஞ்ச நேரம் உயிரோட இருக்கறது மட்டும்தான்.

பக்கத்துல நின்ன ஒரு அக்காகிட்ட போன் வாங்கி வீட்டுக்காரருக்கு அடிச்சேன் (அவர் நம்பர் மட்டும்தான் மனப்பாடம்). அவரை என் நம்பர் கம்பெனியோட கஸ்டமர் கேருக்கு அடிச்சு சிம்மை நிறுத்தச் சொன்னேன், நான் அடுத்த ஸ்டாப்ல இறங்கி ஆட்டோ புடிச்சு வீட்டுக்கு வந்தேன். வந்து சேர்றதுக்குள்ள சிம் பிளாக் ஆயிருந்துச்சு. அடுத்து பேங்க் டோல்ஃப்ரீ நம்பர். பதிவு பண்ணாத போன்ல இருந்து கூப்பிடறதால பிறந்த தேதி, கடைசியா பண்ண டிரான்சாக்‌ஷன் எல்லாம் கேட்டாங்க, பொறுமையா சொல்லி கார்டு, யூபிஐ, நெட்பேங்கிங் மூணையும் தனித்தனியா நிறுத்தச் சொன்னேன். தனித்தனியாங்கறது முக்கியம், கார்டை பிளாக் பண்ணிட்டா யூபிஐயும் நின்னுடும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, நிக்காது, யூபிஐ நேரா அக்கவுண்ட்ல இருந்து போகுது. அந்த கம்ப்ளைன்ட் நம்பரையும் நேரத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க. ரிசர்வ் பேங்க்கோட 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி நம்ம தப்போ பேங்க் தப்போ இல்லாம வெளி ஆள் யாரோ பணத்தை எடுத்திருந்தா, தகவல் வந்ததுல இருந்து மூணு வேலை நாளுக்குள்ள பேங்க்ல சொல்லிட்டா நமக்கு நஷ்டப் பொறுப்பு கிடையாது. அப்போ எத்தனை மணிக்கு சொன்னோம்னு நிரூபிக்கறதுக்கு அந்தப் பேப்பர்தான் ஆதாரம். பணம் உண்மையிலயே போயிருந்தா 1930க்கு (சைபர் மோசடிக்கான அரசு உதவி நம்பர்) கூப்பிடணும், எவ்வளவு சீக்கிரம் கூப்பிடறோமோ அந்தளவுக்கு பணம் அடுத்தடுத்த அக்கவுண்டுக்கு ஓடறதுக்குள்ள நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. எனக்கு பணம் போகல.

மூணாவதா கூகுள். வீட்டு லேப்டாப்ல ஏற்கனவே லாகின் ஆகி இருந்ததால ஃபைண்ட் மை டிவைஸ் (இப்ப ஃபைண்ட் ஹப்னு பேர் மாத்திட்டாங்க) திறந்து லாக் கொடுத்தேன். இங்க ஒரு விஷயம் கவனிங்க. அவசரத்துல கூகுள் அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல போய் அந்தப் போனை சைன் அவுட் பண்ணிடாதீங்க, பண்ணிட்டா அதுக்கப்புறம் அந்தப் போனைத் தேடவும் முடியாது, தூரத்துல இருந்து அழிக்கவும் முடியாது. முதல்ல லாக், லொகேஷன் எதாவது காட்டுதான்னு பார்த்து ஸ்கிரீன்ஷாட், அதுக்கப்புறம் இனி கிடைக்காதுன்னு முடிவு பண்ணா எரேஸ். எரேஸ் பண்ணா அதோட தேடறது முடிஞ்சுது. போன் ஆஃப்ல இருந்தா அந்த எரேஸ் கட்டளை காத்துக்கிட்டு இருக்கும், எப்ப நெட்டுக்கு வருதோ அப்ப அழியும். அதே பக்கத்துல செட்டிங்ஸ் சக்கரத்தை அமுக்கினா போனோட ஐஎம்இஐ நம்பரும் (ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கற 15 இலக்க அடையாள நம்பர், டப்பா மேலயும் போட்டிருக்கும்) இருக்கு, டப்பாவைத் தூக்கிப் போட்டவங்களுக்கு அது பெரிய உதவி. ரெண்டு சிம் போன்னா ரெண்டு ஐஎம்இஐ இருக்கும், ரெண்டையும் எழுதிக்கங்க.

ஆபீஸ் ஹெல்ப்டெஸ்க்குக்கும் அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டேன். ஐடியில இருக்கறவங்க இதைத் தள்ளிப் போடாதீங்க, உங்க போன்ல ஆபீஸ் மெயிலும் ஆதென்டிகேட்டரும் (லாகின் கோடு தர்ற ஆப்) இருந்தா அது உங்க தனிப்பட்ட விஷயம் மட்டும் இல்ல, நாளைக்கு எதாவது லீக் ஆச்சுன்னா எப்ப ரிப்போர்ட் பண்ணீங்கன்னுதான் முதல் கேள்வி வரும். என் மேனேஜரை வீடியோ காலுக்கு கூப்பிட்டு நான்தான்னு உறுதி பண்ணிட்டு எல்லா செஷனையும் முடிச்சு விட்டாங்க, போன்ல இருந்த வொர்க் ப்ரொஃபைலை (ஆபீஸ் ஆப்பெல்லாம் தனியா இருக்கற பகுதி) அழிக்க கட்டளை போட்டாங்க, காலையில உள்ள போக ஒரு தற்காலிக பாஸ் கொடுத்தாங்க.

இனிதான் இழுத்தடிச்ச பகுதி. திருட்டுப் போனை இந்தியா முழுக்க எந்த நெட்வொர்க்கிலயும் வேலை செய்யாம பண்ண மத்திய அரசோட சஞ்சார் சாத்தி தளத்துல சிஇஐஆர்னு ஒரு வசதி இருக்கு, 2023 மே மாசம் நாடு முழுக்க கொண்டு வந்தாங்க, ரொம்ப நல்ல விஷயம். ஆனா அதுல விண்ணப்பிக்க போலீஸ் புகார் நகல் வேணும், ஓடிபி வாங்க அதே நம்பர்ல டூப்ளிகேட் சிம் வேணும். டூப்ளிகேட் சிம்முக்குப் போனா ஷோரூம்ல போலீஸ் பேப்பர் கொண்டு வாங்கன்றாங்க. ஸ்டேஷன்ல போனா காணாம போச்சுன்னு எழுதிக் கொடுங்க, சிஎஸ்ஆர் போட்டுத் தர்றோம்ன்றாங்க.

நான் காணாம போகலைங்க சார், அறுத்து எடுத்திருக்காங்கன்னு பேகையே மேஜை மேல வச்சேன். தையலுக்குப் பக்கத்துல ஒரு சாண் நீளத்துக்கு நேர்கோடா, ஸ்கேல் வச்சுக் கிழிச்ச மாதிரி இருந்துச்சு, உள்துணி வரைக்கும். தொலைஞ்சதுக்கும் திருடினதுக்கும் பேப்பர்ல பெரிய வித்தியாசம் இருக்கு, போனுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தா பெரும்பாலும் எஃப்ஐஆர் கேட்பாங்க, சிஎஸ்ஆர்ங்கறது புகாரை வாங்கிக்கிட்டதுக்கு ரசீது மட்டும்தான். நான் கத்தல, சண்டை போடல, பிஎன்எஸ்எஸ் (பழைய சிஆர்பிசிக்குப் பதிலா வந்த சட்டம்) 173வது பிரிவுல எஃப்ஐஆர் நகல் புகார் கொடுத்தவங்களுக்கு இலவசமா தரணும்னு இருக்குங்க சார்னு மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்துட்டேன். அங்க இருந்த ஒரு பெண் போலீஸ்தான் பேகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, இது திருட்டுதானேன்னு உள்ள போய்ப் பேசினாங்க. அன்னிக்கு சிஎஸ்ஆர், அப்புறம் இன்னொரு தடவை போய் எஃப்ஐஆர். அந்த மேடத்துக்கு நான் உண்மையிலயே கடமைப்பட்டிருக்கேன்.

சிம்முக்கு வர்றேன். என் நம்பர் அப்பா பேர்ல இருக்கு, காலேஜ் சேர்ந்தப்ப அவர் வாங்கிக் கொடுத்தது. நம்மள்ல பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். நம்பர் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் நேர்ல வந்து விரல் வைக்கணும், நான் என்ன ஆதாரம் காட்டினாலும் செல்லாது. பொள்ளாச்சியில இருந்து அப்பா முதல் பஸ்ல வந்துட்டார். அந்த ரேகை மெஷின்ல விரல் விழுகவே இல்ல. வாழ்க்கை பூரா தென்னந்தோப்புல வேலை செஞ்ச கை, ரேகையெல்லாம் தேஞ்சு போயிருக்கு. ஏனுங்க தம்பி, விழுகலீங்களான்னு அவர் கேட்டுக்கிட்டே வேட்டியில தொடைச்சுத் தொடைச்சு வைக்கறார், அந்தப் பையனும் ஈரத்துணி கொடுத்து ஒவ்வொரு விரலா மாத்தி வைக்கச் சொல்றான், பின்னாடி லைன் நீண்டுக்கிட்டே போகுது. கடைசியா இடது கை கட்டை விரல்ல பச்சை லைட் எரிஞ்சுது. உங்க நம்பர் யார் பேர்ல இருக்குன்னு இன்னிக்கே பாருங்க, உங்க பேர்ல இல்லைன்னா அந்த ஆளோட ஷோரூமுக்குப் போய் உங்க பேருக்கு மாத்திக்கங்க. அப்பா நல்லா இருக்கார், பஸ் ஏறி வந்துட்டார். படுத்த படுக்கையா இருக்கறவங்க பேர்லயோ, இல்லாம போனவங்க பேர்லயோ சிம் இருந்தா அந்த நேரத்துல என்ன பண்ணுவீங்க?

சிம் ஆக்டிவேட் ஆச்சு, கால் வருது போகுது, ஆனா எஸ்எம்எஸ் வரல. சிம் ரிப்பேர்னு நினைச்சு திரும்ப ஓடாதீங்க. டூப்ளிகேட் சிம்முல முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது, அது விதி. யாராவது நம்ம பேர்ல திருட்டுத்தனமா டூப்ளிகேட் சிம் வாங்கி உடனே ஓடிபி எடுத்து அக்கவுண்ட்டைத் துடைச்சுடக் கூடாதுன்னு வச்சிருக்காங்க, எரிச்சலா இருந்தாலும் நமக்கு நல்லதுதான். ஆனா அந்த நேரத்துலயும் வாட்ஸ்அப்பை மீட்டுடலாம், அதுல ஓடிபியை எஸ்எம்எஸ்க்குப் பதிலா போன் காலா கேட்க முடியும். பழைய போனை எடுத்து அதுல என் நம்பரைப் போட்டு கால்ல வந்த கோடை அடிச்சதும் திருடு போன போன்ல இருந்த வாட்ஸ்அப் தானா லாக் அவுட் ஆயிடுச்சு. ரெண்டடுக்கு பின் வச்சிருந்தேன், அதையும் கேட்டுச்சு. அந்த ஆறு இலக்க பின் வைக்காதவங்க இப்பவே வைங்க, திருடன் நமக்கு முன்னாடி நம்ம நம்பர்ல வாட்ஸ்அப் திறந்து அவசரம் பணம் அனுப்புன்னு சொந்தக்காரங்களுக்கு எல்லாம் மெசேஜ் போடறதைத் தடுக்கறது அதுதான்.

மறுநாள் எஸ்எம்எஸ் வந்ததும் சிஇஐஆர்ல ஃபார்ம் நிரப்பினேன். ஐஎம்இஐ ரெண்டும், போன் மாடல், எங்க எப்ப போச்சு, எந்த ஸ்டேஷன், புகார் நம்பர், புகார் நகல், அடையாள அட்டை. போன் பில் இருந்தா சேர்க்கலாம். முடிச்சதும் ஒரு ரிக்வெஸ்ட் ஐடி வரும், அதைப் பத்திரமா வைங்க, போன் திரும்பக் கிடைச்சா அன்பிளாக் பண்ண அதுதான் சாவி. பிளாக் ஆன போன்ல யாராவது வேற சிம் போட்டா அது போலீசுக்குத் தகவலாப் போகும்.

யூபிஐயை புதுப் போன்ல திரும்பப் பதிவு பண்ணும்போது முதல் 24 மணி நேரத்துக்கு லிமிட் ரொம்பக் குறைச்சலா இருக்கும், வாடகை, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அன்னிக்கு அதுல கட்ட முடியாது, கையில காசு எடுத்து வச்சுக்கங்க.

போட்டோ எல்லாம் என்னாச்சுன்னு எல்லாரும் கேட்டாங்க. கேமராவுல எடுத்தது கூகுள் போட்டோஸ்ல இருந்துச்சு, வாட்ஸ்அப் சாட் ராத்திரி பேக்கப்புல இருந்து வந்துச்சு, ஆதென்டிகேட்டர் கோடெல்லாம் அக்கவுண்ட் சிங்க்ல இருந்து வந்துச்சு (2023லதான் கூகுள் ஆதென்டிகேட்டர்ல இந்த சிங்க் வந்துச்சு, உங்களோடதுல ஆன்ல இருக்கான்னு பாருங்க). வராதது டவுன்லோட்ஸ் ஃபோல்டர். கூகுள் போட்டோஸ் பிடிஎஃப் எதையும் தொடாது, வாட்ஸ்அப்ல வர்ற படங்களையும் நாம அந்த ஃபோல்டரைத் தனியா டிக் பண்ணாதான் ஏத்தும். தோப்புப் பட்டா பிடிஎஃப் போச்சு, அதை அரசோட பட்டா சிட்டா தளத்துல இருந்து திரும்ப எடுத்துட்டேன், ஆனா பாட்டி பாடி அனுப்பின ரெண்டு வாய்ஸ் மெசேஜை டவுன்லோட்ஸ்ல தனியா சேமிச்சிருந்தேன், ஒரிஜினல் சாட் பாட்டியோட பழைய போனோட போயிடுச்சு, அதை எந்தத் தளத்துல இருந்து எடுக்கறது? அதனால இப்ப மாசா மாசம் முதல் ஞாயித்துக்கிழமை எங்க ரெண்டு பேர் போனையும் லேப்டாப்ல கேபிள் மாட்டி டவுன்லோட்ஸ், வாட்ஸ்அப் மீடியா, வாய்ஸ் ரெக்கார்டிங் மூணையும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல காப்பி பண்றோம். கிளவுட்ல ஒன்னு, வீட்டு டிஸ்க்ல ஒன்னு. கிளவுடை மட்டும் நம்பாதீங்க, கூகுள்ல இலவசமா 15 ஜிபிதான், இப்ப வாட்ஸ்அப் பேக்கப்பும் அதுக்குள்ளதான் கணக்கு, நிறைஞ்சுட்டா பேக்கப் நின்னுடும்.

கூகுள் தர்ற பத்து பேக்கப் கோடையும் பிரிண்ட் எடுத்து ரேஷன் கார்டு வைக்கற ஃபைல்ல வச்சிருக்கேன். எனக்கு லேப்டாப்ல லாகின் இருந்துச்சு, அது இல்லாதவங்களுக்கு புது டிவைஸ்ல உள்ள போறப்ப சரிபார்ப்பு திருடு போன போனுக்கே போகும், அந்த நேரத்துல இந்த எட்டு இலக்க கோடுதான் கதவைத் திறக்கும். சிம்முக்கும் பின் லாக் போட்டுட்டேன், வேற போன்ல சொருகினா பின் கேட்கும், மூணு தடவை தப்பா அடிச்சா பியூகே (லாக் ஆன சிம்மைத் திறக்கற கோடு) கேட்டு நின்னுடும். முதல் பின் என்னன்னு தெரியாம ஊகிச்சு அடிக்காதீங்க, கஸ்டமர் கேர்ல கேட்டுட்டு மாத்துங்க.

போன் இன்னும் கிடைக்கல. சித்தி பையன் போன வாரம் செகண்ட் ஹேண்ட் போன் ஒன்னு பாதி விலைக்கு வருதுக்கா, வாங்கலாமான்னு கேட்டான். ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடிச்சு ஐஎம்இஐ எடுத்து, இங்கிலீஷ்ல கேஒய்எம்னு டைப் பண்ணி ஒரு ஸ்பேஸ் விட்டு அந்த 15 நம்பரையும் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புடா, பிளாக்லிஸ்ட்னு வந்தா காசைக் கொடுக்காதன்னேன். கடைக்காரர் ஐஎம்இஐ காட்டவே மாட்டேன்னுட்டாராம், இவனும் வாங்காம வந்துட்டான்.