விம் எடிட்டரை அமைக்கத் தொடங்குபவர்களுக்கு

நிரல் எழுதக் கற்றுக்கொள்ளும் பலர், டெர்மினலில் இயங்கும் விம் எடிட்டரை நிறுவியதும், அனுபவமுள்ள யாரோ ஒருவருடைய அமைவுக் கோப்பை அப்படியே நகலெடுத்துத் தங்கள் கணினியில் போட்டுக்கொள்கிறார்கள். நூற்றுக்கணக்கான வரிகள் கொண்ட அந்தக் கோப்பில் எந்த வரி எதற்காக என்று தெரியாததால், ஏதேனும் கோளாறு வரும்போது எதைத் திருத்துவது என்றும் தெரிவதில்லை. காரணம் தெரிந்த வரியை மட்டுமே சேர்ப்பது என்ற ஒரே விதியோடு, உங்கள் கோப்பை நீங்களே எழுதுங்கள் என்பதுதான் என் பரிந்துரை.

அதற்கு முன், உங்களிடம் இருப்பது முழுமையான விம்தானா என்று பார்த்துவிடுங்கள். உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களில் பெரும்பாலும் முன்கூட்டியே இருப்பது விம்-டைனி என்னும் சுருக்கப் பதிப்பு. நிரலை வண்ணமிட்டுக் காட்டும் வசதி அதில் கிடையாது. ‘விஐ’ என்ற கட்டளையால் அதைத் திறந்து, எழுதும் நிலையில் அம்புக்குறி விசைகளை அழுத்தினால், கர்சர் நகர்வதற்குப் பதிலாக ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் வந்து விழும். ‘விம்’ தொகுப்பை அவற்றின் நிறுவல் கருவியான ஆப்ட் வழியாக நிறுவினால் இரண்டு குறைகளும் நீங்கிவிடும்.

அடுத்து, ‘விம்டியூட்டர்’ என்ற கட்டளையைத் தாருங்கள். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் அந்தப் பாடம், இயல்பு நிலையில் விசைகள் கட்டளைகளாகவும் எழுதும் நிலையில் எழுத்துகளாகவும் இயங்குவதைக் கைப்பழக்கமாகவே சொல்லித்தருகிறது. கர்சரை நகர்த்த ஹெச், ஜே, கே, எல் விசைகளைப் பயன்படுத்துவது பலருக்கு விசித்திரமாகப் படும். விம்முக்கு முன்னோடியான விஐயை 1976 வாக்கில் பில் ஜாய் உருவாக்கியபோது அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில், அம்புக்குறிகள் அந்த நான்கு விசைகளின் மேல்தான் அச்சிடப்பட்டிருந்தன. எஸ்கேப் விசையும் இன்று டேப் இருக்கும் இடத்தில், விரலுக்கு எட்டும்படி இருந்தது. (தமிழில் குறிப்புகள் எழுதுபவர்கள், இயல்பு நிலைக்குத் திரும்பியதும் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையெனில் கட்டளைகள் வேலை செய்யாது.)

இனி அமைவுக் கோப்புக்கு வருவோம். இதில் புதியவர்கள் அதிகம் குழம்புவது ஓர் இடத்தில்தான். 2016இல் வெளிவந்த 8ஆம் பதிப்பிலிருந்து, பயனருக்கென்று அமைவுக் கோப்பு இல்லாதபோது, விம் ‘டிஃபால்ட்ஸ்.விம்’ என்ற கோப்பைத் தானாகவே படித்துக்கொள்கிறது. வண்ணங்கள், கோப்பின் வகைக்கேற்ற உள்தள்ளல் (வரியின் தொடக்கத்தில் விடும் இடம்), தேடுசொல்லைத் தட்டும்போதே பொருத்தத்தைக் காட்டுவது ஆகியவை அங்கிருந்தே வருகின்றன. உங்களுக்கான அமைவுக் கோப்பாகிய ‘விம்ஆர்சி’யை நீங்கள் உருவாக்கிய கணமே, அது வெறுமையாக இருந்தாலும்கூட, விம் டிஃபால்ட்ஸ்.விம்மைப் படிப்பதை நிறுத்திவிடும். வரி எண் வேண்டும் என்று ஒரே ஒரு வரியை எழுதியவருக்கு வண்ணங்கள் காணாமல் போவது இதனால்தான். டிஃபால்ட்ஸ்.விம்மை வெளிப்படையாக அழைக்கும் வரியை உங்கள் கோப்பின் தொடக்கத்தில் வைத்துவிட்டால் போதும். அதை எழுதும் முறை, அதே பெயருள்ள உதவிப் பக்கத்தில் அப்படியே கொடுக்கப்பட்டுள்ளது.

அதன் கீழ் வரி எண்ணுக்கான ‘நம்பர்’, தேடலில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைத் தளர்த்தும் ‘இக்னோர்கேஸ்’, ‘ஸ்மார்ட்கேஸ்’ ஆகிய மூன்றையும் சேர்த்தால் தொடக்கத்துக்குப் போதுமானது. டேப் அகலத்துக்காகப் பலர் எழுதும் வரிகள் பைத்தானைப் பொறுத்தவரை வீண் வேலை என்பேன். உள்தள்ளலுக்கு நான்கு இடைவெளி என்று பைத்தானின் நடை வழிகாட்டியான பெப் 8 சொல்வதை, விம்முடன் வரும் பைத்தான் கோப்புவகை அமைப்பே கடைப்பிடிக்கிறது. இடைவெளிக்குப் பதில் உண்மையான டேப் தேவைப்படும் மேக்ஃபைலையும் (‘மேக்’ கருவிக்கான கட்டளைக் கோப்பு) விம் தானாகவே கவனித்துக்கொள்கிறது.

சந்தேகம் இருந்தால், ஒரு பைத்தான் கோப்பைத் திறந்துவைத்து, இயல்பு நிலையில் முதலில் முக்காற்புள்ளியைத் (:) தட்டி ‘வெர்போஸ் செட் ஷிஃப்ட்விட்த்’ என்று எழுதி, இடைவெளி விடாமல் கேள்விக்குறியையும் இட்டு என்டர் தட்டுங்கள். உள்தள்ளல் அகலத்துக்கு இப்போதுள்ள மதிப்பு எவ்வளவு என்பதோடு, அதைக் கடைசியாக மாற்றியது எந்தக் கோப்பு என்பதையும் விம் காட்டிவிடும்.